வெயிலில் காயப்போடச் சொன்னது யார்

தம்பி, சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வானொலி விவசாய நிகழ்ச்சியில் உன் குரலைக் கேட்டபோதே அது தெரிந்துவிட்டது. உன் அம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருவில் நாலு பேரையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். வெளிநாட்டுக்கு ஆராய்ச்சி பண்ணப் போகிற பிள்ளை பேசுகிறான் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, முதல் பத்து நிமிஷம். அப்புறம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கிவிட்டால் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் சூடாக இருக்கும்போதே எழுத உட்கார்ந்தேன். இதன் ஒரு படியை அந்த வானொலி நிலையத்துக்கும் அனுப்புகிறேன். நீ ஊரறியப் பேசியதற்கு நான் மட்டும் உன் காதில் ரகசியமாகப் பதில் சொல்ல முடியாது.

கரும்பில் வரும் கரிப்பூட்டை நோயைப் பற்றிப் பேசினாய். நன்றாகவே பேசினாய், குறை சொல்ல மாட்டேன். குருத்து வர வேண்டிய இடத்தில் சாட்டை மாதிரி ஒன்று நீண்டு வரும், மேலே மெல்லிய சவ்வு மூடியிருக்கும், அது கிழிந்தால் உள்ளே இருக்கிற கரித்தூள் காற்றில் பறக்கும், அந்தத் தூள் முழுக்கப் பூஞ்சாணத்தின் வித்துகள் என்றாய். வித்தின் ஓட்டிலே மெலனின் என்று ஒரு கறுப்பு நிறமி இருக்கிறது, நம் தோலிலும் முடியிலும் இருக்கிற அதே இனம், வெயிலின் கடுமையை அது தான் வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கிற உயிரைக் காப்பாற்றுகிறது, வறட்சியையும் தாங்க வைக்கிறது என்றாய். நிறம் ஏறாமல் தடுத்து வளர்த்த வெளுத்த வித்துகளை ஆய்வகத்தில் ஒரு விளக்குக்கு அடியில் வைத்தால் சீக்கிரம் செத்துப்போகின்றன, கறுப்பு வித்துகள் பிழைத்துக்கொள்கின்றன என்றாய். போன பொங்கலுக்கு நான் உன் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது அந்த இரண்டு கண்ணாடித் தட்டுகளையும் எனக்குக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றேன். மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ நினைத்தாய். இல்லை, அந்தத் தட்டுகளைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னாய். "எங்கள் ஊரில் ஒரு விவசாயி இருந்தார். நோய் வந்த கரும்பின் சாட்டைகளையெல்லாம் வெட்டி, எரிக்காமல், வரப்பில் வெயிலில் காயப்போட்டார், வடகம் காயப்போடுவது போல. அந்த முட்டாள்தனத்தால் ஊர்க் கரும்பே போயிற்று" என்றாய். பேட்டி எடுத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் சிரித்தாய். நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள், ஏனென்றால் நீ பெயர் சொல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஆளைத் தெரியும். "கரிப்பூட்டை ஏழுமலைதானே" என்று ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக ஊர் மறந்து கிடந்த பட்டப்பெயர். நீ ஒரே நிமிஷத்தில் தோண்டி எடுத்துக் கொடுத்துவிட்டாய். நான் எழுந்து போய் ரேடியோவை அணைத்தேன். உன் அம்மா என்னை முறைத்த முறைப்பு இன்னும் தீரவில்லை.

அந்தக் கதையை உனக்குச் சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். நீ கல்லூரியில் முதல் வருஷம் படித்தபோது கேட்டாய், நானும் ஒரு சிரிப்புச் சிரித்து அப்படித்தான் சொன்னேன். ஆனால் முட்டாள் என்ற வார்த்தை என்னுடையது இல்லை. அது நீயே சேர்த்தது. வரப்பில் நீ போய் நின்றால் நல்ல கரும்பாகப் பார்த்து ஒடித்து, கணு நீக்கி, கையில் கொடுப்பானே, அந்த ஏழுமலையைத்தான் சொன்னாய். அவனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கூலிக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு காணி குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டிருந்தான். நான் சர்க்கரை ஆலையின் பீல்டுமேன். காக்கிச் சட்டை, சைக்கிள், கையில் ஒரு நோட்டு. கரும்பு விஷயத்தில் நான் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம்.

இப்போது நடந்ததைக் கேள். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு நம் ஆட்கள் சாலை மறியல் செய்த அந்தப் புரட்டாசி மாதம் நீ ஒன்பதாவது படித்தாய். தியாகதுருகம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை என்று உனக்குக் கொண்டாட்டம். கேட்டது நியாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அது வேறு. மரம் வெட்டியவர்களில் உன் சித்தப்பாவும் ஒருவன். போலீஸ் ஊர் ஊராகப் புகுந்து ஆண்களைத் தேடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வெளியூரில் இருக்கிறான் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அவன் எங்கேயும் போகவில்லை. ஏழுமலையின் கரும்புக்குள்ளே நாலு நாள் படுத்துக் கிடந்தான். ஏழுமலையின் பெண்சாதி காசியம்மாதான் களைவெட்டப் போகிறவள் மாதிரி கூடையில் சோற்றை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இத்தனைக்கும் அந்தப் போராட்டத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும் கிடையாது. அவர்கள் தெருவுக்குப் போகிற வழியையும் நம் ஆட்கள் மரம் போட்டு மறித்திருந்தார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தான் அவன் கரும்பில் சாட்டை வந்தது. பத்துப் பதினைந்து தூரில் இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், நானே கற்றுக்கொடுத்தது. விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்போதே போக வேண்டும், ஈரத்தில் தூள் பறக்காது. ஒருத்தர் கோணிப்பையைச் சாட்டையின் மேல் மெதுவாகக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் அடியில் வெட்ட வேண்டும், தூரோடு பிடுங்கி அங்கேயே குழியில் போட்டுக் கொளுத்த வேண்டும். புருஷனும் பெண்சாதியுமாக எல்லாவற்றையும் வெட்டிக் கோணியில் கட்டி வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை காய்ந்த கரும்புச் சோகையைக் குவித்து நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்திருந்தான். நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏழுமலை, கொளுத்தாதே" என்றேன். கரும்புக்குள்ளிருந்து புகை எழுந்தால் சாலையில் நிற்கிற போலீஸ் வண்டி நேரே இங்கேதான் வரும். உள்ளே என் தம்பி படுத்திருக்கிறான். எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. "அப்போ வூட்டுக்கு எடுத்துக்கினு போயி அண்டாவுல கொதிக்க வெச்சிடட்டுங்களா சார்?" என்று கேட்டான். மூட்டையோடு தெருவில் போனால் மூட்டையில் என்ன என்று கேட்பார்கள், அதுவும் வேண்டாம் என்றேன். "பின்ன இத இன்னா பண்றது?" என்றான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வரப்புல பரப்பிப் போடு. மூணு நாள் வெயில் பட்டா எல்லாம் செத்துப்போயிடும்" என்றேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை, எந்த அதிகாரியும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதையும் பீல்டுமேன் குரலில் சொன்னேன்.

ஏழுமலை நகரவில்லை. ஒரு சாட்டையைத் தூக்கிப் பார்த்தான். அவன் விரலெல்லாம் கரி. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது கறுப்பா கீற வஸ்து. கறுத்துப் போனது வெயில தாங்கும்ங்க. வெள்ளத்தோல்காரன் ஒருத்தன நம்ம கரும்புல ஒரு நாள் வுட்டா சுருண்டு வுழுந்துடுவான். நானு பொறந்ததுல இருந்து வெயில்லதான் நின்னுக்கினு இருக்கேன், எனக்கு இன்னா ஆச்சு? அதுக்கும் அப்படித்தானுங்களே இருக்கும்" என்றான். கேட்கிறாயா, டாக்டர் பட்டக்காரரே? விளக்கும் இல்லை, கண்ணாடித் தட்டும் இல்லை. கையில் அரிவாளை வைத்துக்கொண்டு வரப்பில் நின்று அவன் சொன்னான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "போடா, பெரிய விஞ்ஞானி. சொன்னதைச் செய்" என்றேன். என்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவன் அவன். தலையை ஆட்டிவிட்டுப் பரப்பப் போனான். காசியம்மாதான் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இன்னாமோ போங்க" என்றாள்.

உன் சித்தப்பா தப்பித்தான். இன்றைக்கு அவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எல்லாக் கல்யாணத்திலும் முதல் வரிசையில் உட்காருகிறான். கரித்தூளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் அடித்த புரட்டாசி வெயிலில் சாட்டைகள் சருகாகக் காய்ந்தன, காய்ந்ததும் காற்று வசதியாக எடுத்துக்கொண்டு போயிற்று. முதல் வெட்டு ஏதோ தப்பியது. அடுத்த வருஷம் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய மறுதாம்பில் தூருக்குத் தூர் சாட்டை. ஏழுமலை கரும்பில் மட்டுமில்லை, பக்கத்து வயல், அதற்குப் பக்கத்து வயல் என்று கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. ஜனங்கள் கொதித்துப் போய் ஆலையிலிருந்து அதிகாரியை வரவழைத்தார்கள். கரும்பு அலுவலக வாசலில் நூறு பேர் கூடியிருக்க, அவர் ஏழுமலையைப் பார்த்து, "யாருய்யா உன்னை வெயில்ல காயப்போடச் சொன்னது?" என்று கேட்டார்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்திருந்தால் ஏன் கொளுத்தவில்லை என்ற கேள்வி வரும், கரும்புக்குள் யார் இருந்தது என்ற கேள்வி வரும், உன் சித்தப்பா மேல் வழக்கு அப்போது தீராமல் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி அவனுக்கும் தெரியும். "நானாத்தான் போட்டேங்க. தெரியாம போட்டுட்டேங்க" என்றான். அதிகாரி காறித் துப்பாத குறை. கூட்டம் சிரித்தது, திட்டியது. அந்த வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்து, "நோய் பரவக் காரணம் விவசாயியின் அறியாமையும் கவனக்குறைவும்" என்று நான் அறிக்கை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உன் அம்மா சொல்வாளே, அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. ஆலை அவன் கரும்பைப் பதிவிலிருந்து நீக்கியது. நிலத்துக்காரர் குத்தகையைப் பிடுங்கிக்கொண்டார். பட்டப்பெயரைக் கேட்டுக் கேட்டு முடியாமல், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலைக்கு மரவள்ளிக் கூலிக்கு ஏறிவிட்டான்.

நீ அந்த மறியலுக்குப் பிறகு வந்த ஒதுக்கீட்டில் வேளாண்மைக் கல்லூரிக்குப் போனாய். வானொலியில் "என் உழைப்பால் மட்டுமே இந்த இடத்துக்கு வந்தேன்" என்றாய். உழைத்தாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த "மட்டுமே" என்ற வார்த்தையைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் வெட்டியவன், ஒளிந்தவன், ஒளிந்தவனுக்குச் சோறு கொண்டுபோனவள், அவனுக்காகப் பழியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டவன், இத்தனை பேர் தோளில் மிதித்து ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டு மட்டுமே என்கிறாய். எனக்கு வாய் இல்லாமல் போனது என் பாவம். உனக்கு இருக்கிற வாயை எதற்குப் பயன்படுத்துகிறாய் பார்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் காசியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவள். நாலு பேர் பார்க்க, "இன்னாங்க பீல்டுமேன் சார், உங்க புள்ள ரேடியோவுல என் வூட்டுக்காரர கிழிச்சித் தொங்க வுட்டாராமே? நீங்களும் கேட்டுக்கினு இருந்தீங்களா?" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வந்தேன். "பேசாதீங்க. அன்னிக்குப் பேச வேண்டிய நேரத்துல பேசல, இப்போ இன்னாத்துக்குப் பேசறீங்க? தை மாசத்துல இருந்து ஒரு காணி குத்தகைக்குத் தரேன்னு பழைய நெலத்துக்காரர் மவன் சொல்லி இருந்தாரு. பன்னெண்டு வருசம் கழிச்சி ஊருக்கு வரப்போறோம்னு இவரு ரெண்டு மாசமா தூங்கல. ரேடியோ கேட்டுட்டு அந்த மனுசன் ஆள் அனுப்பி வேணாம்னுட்டாரு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் நான் வெள்ளிமலைக்குப் போனேன். மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது, சுற்றட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை டீக்கடை பெஞ்சில் இருந்தான், ரேடியோவில் உன் பேச்சை அவன் கேட்டதும் அங்கேதான். எழுந்து நின்று எனக்கு இடம் விட்டான். அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. திட்டுவான் என்று நினைத்துக்கொண்டு போனேன், திட்டியிருந்தால் தேவலை. "தம்பி இன்னா அழகா பேசுச்சுங்க! ஒரு இடத்துலயும் தட்டலையே. பேரு சொல்லாம வுட்டுச்சு பாருங்க, அதான் பெரிய மனசு" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு டீ டம்ளரை உருட்டிக்கொண்டே, "ஒண்ணு கேக்கலாங்களா சார்? அந்தக் கறுப்புதான் அத வெயில்ல காப்பாத்துதுன்னு தம்பி சொல்லுச்சே, அத நானு அன்னிக்கு வரப்புல சொன்னேன். நீங்க தம்பிகிட்ட சொல்லலீங்களா?" என்றான். சொல்லவில்லை என்றேன். "பரவால்ல வுடுங்க" என்றான். இந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, நீயே சொல்.

இறங்கி வந்த கையோடு நிலத்துக்காரர் மகன் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். வெயிலில் போடச் சொன்னவன் நான், அறிக்கையில் பொய் எழுதியவன் நான் என்றேன். அவன் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்டான். "உங்களுக்கு வயசாகிப்போச்சு சார், அந்த ஆள் மேல பாவம் பார்த்து நீங்களா ஏத்துக்கறீங்க. உங்க புள்ளையே ரேடியோவுல சொல்லிட்டாரே, அவரு படிச்சவரு, தெரியாமயா சொல்வாரு? அவரு மாத்திச் சொல்லட்டும், நான் தரேன்" என்றான். என் உண்மைக்கு இந்த ஊரில் விலை இல்லை, தம்பி. நான் உனக்குச் சொன்ன பொய் உன் வாயில் போய் உண்மையாகிவிட்டது. உன் சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவரை வந்து கத்தினான். கத்தட்டும். உன் அம்மா, போகிற பிள்ளையை ஏன் நோகடிக்கிறீர்கள் என்று அழுகிறாள். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விமானம் ஏறுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உனக்கு வைத்திருக்கிற வழியனுப்பு விருந்துக்கு நான் வரமாட்டேன், விமான நிலையத்துக்கும் வரமாட்டேன். நீ முதலில் கள்ளக்குறிச்சிக்கு வந்து வெள்ளிமலை பஸ் ஏறு. அந்த டீக்கடை பெஞ்சில் அவன் எழுந்து இடம் விடுவான், உட்காராதே, அவனை உட்கார வை. பிறகு அதே வானொலி நிலையத்துக்குப் போய், அதே நிகழ்ச்சியில் சொல். காயப்போடச் சொன்னது ஆலையின் பீல்டுமேன் என்று சொல், அவர் என் அப்பா என்றும் சொல். வேண்டாம் என்று தடுத்த விவசாயியின் பெயர் ஏழுமலை என்று ஊர் பேரோடு சொல். தை பிறப்பதற்குள் சொல், அதற்குப் பிறகு சொன்னால் அந்தக் காணியை வேறு யாராவது உழுதுவிடுவார்கள்.

உன் ஆராய்ச்சிப் புத்தகத்தின் ஒரு பிரதியை எனக்கு அனுப்பியிருந்தாய். முதல் பக்கத்தில், "வெயிலில் சைக்கிள் மிதித்து என்னைப் படிக்க வைத்த அப்பாவுக்கு" என்று அச்சடித்திருக்கிறாய். நேற்று அதை எடுத்து, அந்த அப்பாவைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஏழுமலை என்று எழுதினேன். என்னிடம் இருக்கிற பிரதியில் மட்டும்தான் என்னால் அப்படிச் செய்ய முடிந்தது. மற்றதெல்லாம் உன்னிடம் இருக்கிறது.

உன் அப்பா